உயரம் ஐந்தடி... முதல் ஐந்தில் இடம் உண்டா?

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. அரங்குகளிலும் அதே 10 அடிதான். கோவை வ.உ.சி. பூங்கா உள்விளையாட்டரங்கிலும் அதே 10 அடிதான். ஆடுபவர் ஏழடி இருந்தாலும் ஐந்தடி இருந்தாலும், வளையம் யாருக்காகவும் ஓர் அங்குலம்கூட இறங்கி வராது.

அதனாலோ என்னவோ, கூடைப்பந்தில் சேர வரும் பிள்ளையிடம் 'பந்து தட்டத் தெரியுமா?' என்று முதலில் யாரும் கேட்பதில்லை. 'உயரம் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கொமரலிங்கத்தில் ஒரு பெண். அமராவதி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும், மடத்துக்குளம் தாலுகாவின் சின்ன ஊர். அவளுக்கு வயது 15, உயரம் சரியாக ஐந்தடி. தினமும் உடுமலைக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள். பள்ளி அணியில் அவளைப்போல் பந்தைக் கொண்டுபோக இன்னொருத்தி இல்லை. ஆனால் ஐந்தடி ஏழு அங்குலத்தில் வேறொரு பெண் இருக்கிறாள். சுமாராக ஆடுவாள், கையை உயர்த்தினால் எதிரணிக்குச் சுவர் மாதிரி நிற்பாள். நாளை மாவட்டப் போட்டி. ஸ்கோர் ஷீட்டில் முதலில் இறங்கும் ஐந்து பேரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பி.டி. டீச்சர் பேனாவைத் திறந்துவிட்டார். நான்கு பெயர்கள் எழுதியாகிவிட்டது. ஐந்தாவது யார்?

இந்தப் பெண் கற்பனைதான். ஆனால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பள்ளி மைதானத்திலும் வருகிறது.

பந்தைச் சுமப்பவர்

கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள். கூடைக்குக் கீழே நின்று பந்துக்கு மல்லுக்கட்டுபவர்கள் உயரமானவர்கள். தூரத்திலிருந்து எறிபவர்கள் இருப்பார்கள். இவர்கள் எல்லோருக்கும் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் பாயிண்ட் கார்ட்.

பந்து கைக்கு வந்த 8 விநாடிகளுக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். இந்த அவசரத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு இன்று கை நன்றாக வருகிறது, எதிரணியில் யார் களைத்துவிட்டார் என்று பார்த்து பந்தை அனுப்ப வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவர் தைத்துத் தள்ளினால்தான் அடுத்தவர் கைக்கு வேலை வரும். நடுவில் ஒரு கை தாமதித்தால் மொத்த வரிசையும் காத்துக் கிடக்கும். கூடைப்பந்தில் அந்தக் கைதான் பாயிண்ட் கார்ட்.

ஐந்து இடங்களில் உயரம் குறைந்தவர்கள் அதிகம் ஆடுவதும் இந்த இடத்தில்தான். ஆனால் 'குறைந்த உயரம்' என்று அங்கே சொல்வது ஆண்கள் தொழில்முறை ஆட்டத்தில் ஆறடியை. ஐந்தடி என்றால் யாருக்குமே யோசனை வந்துவிடும்.

பன்னிரண்டில் ஒருத்தி போதாதா?

'அணியில் 12 பேர். அவளும் இருக்கிறாள். சான்றிதழ் எல்லோருக்கும் வரத்தான் போகிறது. முதல் ஐந்தில் இறங்கினால் என்ன, பெஞ்சிலிருந்து வந்தால் என்ன?' என்று வீட்டில் கேட்கலாம்.

வித்தியாசம் இருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளி விளையாட்டு படிப்படியாகப் போகிறது. முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு அப்பால் ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஓரமாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்து அடுத்த படிக்கான பெயர்களை எழுதுகிறார். அவர் கண்ணில் படுவது ஆடுபவர்கள்தான். பெஞ்சில் டவலோடு உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல.

இன்னொன்றும் உண்டு. முதல் ஐந்தில் இறங்குபவள் எதிரணியின் சிறந்த ஐந்து பேரோடு மோதுகிறாள். பெஞ்சிலிருந்து வருபவள் பெரும்பாலும் அவர்களுடைய பெஞ்ச் ஆட்களோடு மோதுகிறாள். இரண்டு வருடம் இப்படியே போனால், ஒருத்தி கற்றுக்கொண்டதும் மற்றவள் கற்றுக்கொண்டதும் ஒன்றாக இருக்காது. கம்பெனியில் கைமடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை எத்தனை வருடம் ஆனாலும் டெய்லர் ஆகாது. ஒருநாள் யாராவது மெஷினில் உட்காரவிட வேண்டும்.

கொமரலிங்கம் மாதிரி ஊர்களில் இந்த 'யாராவது' கொஞ்சம் சீக்கிரம் வர வேண்டியிருக்கிறது. "பந்து வெளாடிப்போட்டு என்ன கண்ணு பண்ணப் போறே?" என்ற கேள்வி வீட்டில் எந்த நாளும் வரலாம். பிளஸ் டூ முடிந்ததும் மில்லா, கம்பெனியா, கல்யாணமா என்ற பேச்சு வந்துவிடும். அதற்குள் அந்தப் பிள்ளை எதையாவது செய்து காட்டியிருந்தால்தான், பதில் சொல்ல அவளுக்கு வாய் இருக்கும்.

இத்தனை இருந்தும், பாவம் பார்த்துப் பெயரை எழுதிவிட முடியாது. ஐந்தாவது இடத்துக்குப் போட்டியிடும் அந்த உயரமான பெண்ணுக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒரு கனவு இருக்கிறது. அணியில் மற்ற நான்கு பேர் தோற்பதற்காக ஆட வரவில்லை. எனவே டீச்சரின் தயக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

டீச்சரின் பயம் நியாயமானதுதான்

குள்ளமான பாயிண்ட் கார்டால் அணிக்கு வரும் நஷ்டம் பந்து நம் கையில் இருக்கும்போது வருவதில்லை. பந்து எதிரணி கைக்குப் போனதும் வருகிறது.

எதிரணியின் உயரமான ஆள் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, பின்னால் தள்ளிக்கொண்டே கூடைவரை போய்விடுவார். தலைக்கு மேலே எறிந்தால் தடுக்கக் கை எட்டாது. உதவிக்கு இன்னொருத்தி ஓடிவந்தால், அவள் விட்டுவந்த ஆள் சும்மா நிற்பார்; பந்து அங்கே போய்விடும். கெட்டிக்காரக் கோச் என்றால், ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடமே இதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் அவள் பக்கமாகவே பந்தை அனுப்பச் சொல்வார்.

பந்து கையில் இருக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு உயரமான பெண்கள் சேர்ந்து மடக்கினால், அவர்கள் கைகளுக்கு மேலே பார்த்து பாஸ் போட முடியாது. ரீபவுண்டில் பங்கு குறையும். மோதல்களில் உடம்பு அதிகம் அடிபடும்.

இவை எல்லாம் உண்மை. 'மனசு இருந்தால் உயரம் ஒரு பொருட்டே இல்லை' என்று மேடையில் பேசலாம். அது ஸ்கோர் ஷீட்டுக்கு உதவாது. உயரம் ஒரு பொருட்டுதான். அதை வேறு எதனால் ஈடு செய்கிறாள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதே கேள்வியை உலகத்திலேயே பெரிய மேடையில் 14 சீசன்கள் எதிர்கொண்ட ஒருவர் இருக்கிறார்.

ஐந்தடி மூன்று அங்குலத்தில் ஒரு என்.பி.ஏ. வீரர்

மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குள்ளமான வீரர் இவர்தான்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டன்பார் என்ற பள்ளி. 1980-களின் தொடக்கத்தில் அதன் அணி யாரிடமும் தோற்காமல் சீசன்களை முடித்தது. அந்த அணியில் முதல் ஐந்தில் இறங்கி பந்தைச் சுமந்தவர் போக்ஸ். அதே அணியில் பெஞ்சில் காத்திருந்து மாற்று ஆட்டக்காரராக வந்தவர் ரெஜி லூயிஸ். பின்னாளில் ஆறடி ஏழு அங்குல உயரத்துடன் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கே கேப்டன் ஆனவர் இவர். 1987-ல் அந்தப் பள்ளிக் கூட்டாளிகளில் மூன்று பேரை என்.பி.ஏ. அணிகள் முதல் சுற்றிலேயே எடுத்தன. ரெஜி வில்லியம்ஸ் 4-வது, போக்ஸ் 12-வது, லூயிஸ் 22-வது.

அப்படிப்பட்ட உயரங்கள் இருந்த அணியில், பயிற்சியாளர் பாப் வேட் குள்ளமான பையனை முதலில் இறக்கினார். டன்பாரில் பந்தை யாரிடம் கொடுத்தால் அணி ஓடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தொழில்முறை ஆட்டத்தில் எல்லோரும் பாப் வேட் அல்ல. போக்ஸை முதலில் எடுத்த வாஷிங்டன் அணி, ஒரே சீசன் முடிந்ததும் 'எங்களுக்கு இவர் கட்டாயம் வேண்டும்' என்ற பட்டியலில் அவர் பெயரை வைக்கவில்லை. 1988-ல் புதிதாகத் தொடங்கிய சார்லட் ஹார்னெட்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டது. அங்கும் முதல் சீசனில் பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சிலிருந்துதான் வந்தார். அடுத்த சீசனில் முதல் ஐந்தில் நிலையான இடம் கிடைத்தது. அந்த 1989-90 சீசனில் ஓர் ஆட்டத்துக்கு சராசரியாக 10.7 அசிஸ்ட், அதாவது சக வீரர் கூடையில் போட உதவிய பாஸ்கள், கொடுத்தார்.

சார்லட் அணிக்காக அவர் கொடுத்த 5,557 அசிஸ்ட்களும், எதிரணியிடமிருந்து தட்டிப் பறித்த 1,067 பந்துகளும் அந்த அணியின் சாதனைப் பட்டியலில் முதலிடம்.

எப்படி முடிந்தது? பந்து தரையில் பட்டு மேலே வரும் நேரம்தான் அதைத் திருட ஏற்ற நேரம். குள்ளமானவர் தட்டும் பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழுவதே இல்லை. உயரமானவர் அதைத் தொட வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் வேகம் போய்விடும். இதையே திருப்பிப் போட்டால் அவருடைய தற்காப்பு. எதிரணி கார்ட் பந்தைத் தட்டும் உயரத்தில்தான் போக்ஸின் கைகள் இருந்தன. அதனால் கூடைக்குப் பக்கத்தில் ஆளை மறிக்கக் காத்திருக்காமல், மைதானத்தின் அந்தக் கோடியிலேயே பந்துக்காரரைத் தொந்தரவு செய்யத் தொடங்கிவிடுவார். கூடைவரை வந்து சேர்ந்தால்தானே உயரம் பயன்படும்? வரவிடாமலே செய்தால்?

1993 ஏப்ரலில் ஏழடி உயர பேட்ரிக் யூவிங் எறியப்போன பந்தையே அவர் தடுத்திருக்கிறார். ஆனால் அது அதிசயக் கணக்கில் சேரும். ஆட்டத்துக்கு ஆட்டம் சோறு போட்டது வேறு ஒரு கணக்கு. அவர் ஒரு முறை பந்தைப் பறிகொடுப்பதற்குள் நான்கு அசிஸ்ட்டுக்கும் மேல் கொடுத்துவிடுவார். அவர் கையில் பந்து இருந்தால் அது பத்திரம்.

ஜப்பான் செய்த காரியம்

'போக்ஸ் மாதிரி ஆள் கோடியில் ஒருவர். கொமரலிங்கத்துப் பெண்ணுக்கு அதை எப்படிச் சொல்வது?' என்று கேட்டால், அதற்குப் பதில் ஜப்பானில் இருக்கிறது.

ருயி மச்சிதா. 162 செ.மீ., ஐந்தடி நான்கு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் அணியில் இருந்தார். ஆனால் முதல் ஐந்தில் இறங்கிய பாயிண்ட் கார்ட் அசாமி யோஷிதா. மச்சிதா மாற்று ஆட்டக்காரர்.

2017-ல் அமெரிக்கரான டாம் ஹோவாஸ் பயிற்சியாளர் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவோடு மோதித் தங்கம் ஜெயிப்போம் என்று ஆரம்பத்திலேயே சொன்னார். நம்பியவர்கள் குறைவு. போதாத குறைக்கு, அணியின் மிக உயரமான நட்சத்திரம் ராமு தொகாஷிகி, 193 செ.மீ., முழங்கால் காயத்தால் ஒலிம்பிக்குக்கே வர முடியாமல் போனார். சுமார் 176 செ.மீ. சராசரி உயரத்தோடு, போட்டியின் குள்ளமான அணிகளில் ஒன்றாக ஜப்பான் களம் இறங்கியது.

ஹோவாஸ் உயரத்தைத் தேடி ஓடவில்லை. இருக்கும் ஆட்களுக்கு ஏற்ற ஆட்டத்தைக் கட்டினார். ஐந்து பேருமே தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறியத் தெரிந்தவர்கள். அதனால் எதிரணியின் உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நிற்க முடியாமல் வெளியே வர வேண்டியிருந்தது. நடுவில் காலியான இடத்தில் மச்சிதா புயலாக நுழைந்தார். தடுக்க வந்தவர்களைத் தன் பக்கம் இழுத்து, பந்தை வெளியே தள்ளினார். பந்து போன இடத்திலெல்லாம் ஒருவர் தயாராக நின்றார்.

2021 ஆகஸ்ட் 6, பிரான்ஸோடு அரையிறுதி. ஜப்பான் 87, பிரான்ஸ் 71. மச்சிதா அந்த ஒரே ஆட்டத்தில் 18 அசிஸ்ட் கொடுத்தார். அது ஒலிம்பிக் சாதனை. இறுதிப் போட்டியில் அமெரிக்கா 90-75 என்று வென்றது, ஜப்பானுக்கு வெள்ளி. ஜப்பான் கூடைப்பந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். மச்சிதாவுக்கு ஒரு போட்டிக்கு சராசரி 12.5 அசிஸ்ட். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ.வில் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணிக்கு ஆடப் போனார்.

மச்சிதாவின் திறமை 2016-லும் இருந்தது, 2021-லும் இருந்தது. அந்த ஐந்து வருடங்களில் அவர் உயரம் கூடவில்லை. அனுபவம் கூடியது, கூடவே, அவரைச் சுற்றி அவருக்கு ஏற்ற ஓர் அணி கட்டப்பட்டது.

நம் பள்ளி மைதானங்களில் தவறுவது இங்கேதான். பிள்ளையைத் தனியாகச் சுவரோரம் நிறுத்தி, இஞ்ச் டேப்பால் அளந்து, 'பத்தாது' என்கிறோம். ஆனால் ஆட்டம் ஐந்து பேருடையது. குள்ளமான பாயிண்ட் கார்ட் தகுதியானவளா என்ற கேள்வியை அவளிடம் மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். மீதியை மற்ற நான்கு பேரிடமும் டீச்சரிடமும்தான் கேட்க வேண்டும்.

எண்ணிக்கை இருந்தும் வெளியே போனவர்

அணி அப்படிக் கட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐசையா தாமஸ் உதாரணம். 5 அடி 9 அங்குலம். 2011-ல் என்.பி.ஏ. தேர்வில் மொத்தம் 60 பேர். 60-வது பெயர் அவருடையது. சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் பெஞ்சில் தொடங்கி, அதே சீசனில் முதல் ஐந்துக்கு வந்தார். 2013-14 சீசனில் ஆட்டத்துக்கு சராசரி 20.3 புள்ளிகள், 6.3 அசிஸ்ட். அந்த எண்ணிக்கை கொடுத்தவரையும் சீசன் முடிந்ததும் அணி விட்டுவிட்டது.

2015-ல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸ், தற்காப்பில் கில்லாடிகளைத் தாமஸைச் சுற்றி நிறுத்தினார். எதிரணியின் பலமான கார்டை அவர்கள் பார்த்துக்கொள்ள, தாமஸ் பந்தோடு ஆடினார். 2016-17 சீசனில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகள். கிழக்குப் பிரிவில் பாஸ்டனுக்கு முதலிடம். 2017 மே மாதம், சில வாரங்களுக்கு முன் விபத்தில் இறந்துபோன தங்கையின் பிறந்தநாளில், வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளிகள் எடுத்தார்.

ஆனால் அதே ஆண்டு இடுப்பில் காயம். சில மாதங்களில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்டம் திரும்பவில்லை. ஆறடி ஆறு அங்குலக்காரருக்கு அரை அடி வேகம் குறைந்தால் உயரத்தை வைத்துச் சமாளிப்பார். வேகத்தையே மூலதனமாக வைத்திருப்பவருக்கு அந்த அரை அடிதான் எல்லாம்.

இதை அந்தப் பெண்ணிடமும் வீட்டிலும் மறைக்கக் கூடாது. குள்ளமான வீராங்கனை காலையும் முதுகையும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனித்துக்கொள்ள வேண்டும். காயத்தோடு ஆடக் கூடாது. படிப்பை ஒரு பக்கம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் ஐந்தில் பெயர் வந்துவிட்டது என்பதற்காகப் புத்தகத்தை மூடிவிட முடியாது.

உயரம் கதவைத் திறக்கும். பிறகு?

இந்தியக் கூடைப்பந்தில் ஊரறிந்த கதை சத்னாம் சிங்குடையது. பஞ்சாபின் பல்லோ கே என்ற சின்ன கிராமத்துக்காரர். ஏழடி இரண்டு அங்குலம். 2015-ல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அவரை 52-வதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் வீரர். நாடே கொண்டாடியது. ஆனால் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவரால் இறங்க முடியவில்லை. பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். சத்னாமின் உழைப்பு குறைந்ததல்ல. ஏழடி உயரத்துக்குக்கூட அந்த மேடையில் வேறு நூறு தேவைகள் இருக்கின்றன என்பதுதான் இதில் தெரிவது.

பள்ளி வயதில் உயரம் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன், அதுவும் பையன்கள் விஷயத்தில். 14 வயதில் சீக்கிரம் வளர்ந்த பையனைக் கூடைக்கு அடியில் நிறுத்திவிடுகிறோம். நான்கு வருடத்தில் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்துவிடுவார்கள். அப்போது அவனுக்கு உயரமும் மிச்சமில்லை. பந்து தட்டவும் தெரியாது. எதிர்ப்பக்கத்து உதாரணம் ஆந்தனி டேவிஸ். பள்ளியில் கார்டாக ஆடிய பையன். படிக்கும்போதே மளமளவென்று வளர்ந்து ஆறடி பத்து அங்குலம் ஆனார். கார்டாகக் கற்ற பந்து வித்தை உயரத்தோடு சேர்ந்துகொண்டது, 2012-ல் என்.பி.ஏ. தேர்வில் முதல் பெயரே அவர்தான்.

பெண்களுக்கு வளர்ச்சி சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிகிறது. 15 வயதில் ஐந்தடி இருக்கும் பெண் இனி அதிகம் வளரப்போவதில்லை. 'பொறு, இன்னும் வளருவே' என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக் காலம் தள்ள முடியாது. இந்த ஐந்தடியோடுதான் அவள் ஆட வேண்டும். அதனால் முடிவையும் இந்த ஐந்தடியைப் பார்த்தபடிதான் எடுக்க வேண்டும்.

நோட்டில் நான்கு கணக்கு

டீச்சருக்கு கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும், பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளையும் போதும்.

முதல் கணக்கு: அவள் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தாள்? எதிரணி நெருக்கும்போதும் 8 விநாடிகளுக்குள் பாதிக் கோட்டைத் தாண்டுகிறாளா?

இரண்டாவது: அவள் பாஸால் எத்தனை கூடை விழுந்தது? ஒரு முறை பறிகொடுத்தால் இரண்டு அசிஸ்ட்டாவது இருக்க வேண்டும். பள்ளி ஆட்டத்தில் அதுவே நல்ல கணக்கு.

மூன்றாவது: அவள் தரையில் இருந்த நேரத்தில் ஸ்கோர் எப்படி நகர்ந்தது? அவள் இறங்கும்போது 10-10, வெளியே வரும்போது 22-16 என்றால் அணிக்கு ஆறு லாபம். உயரமான பெண் ஆடிய நேரத்துக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. குறைந்தது மூன்று ஆட்டம்.

நான்காவது, கொஞ்சம் கசப்பானது: எதிரணி அவளைக் குறிவைத்து அவள் தலைக்கு மேலே எத்தனை புள்ளி எடுத்தது? மேலே உள்ள லாபத்தை இது தின்றுவிடுகிறதா?

இதோடு டீச்சர் பங்குக்கும் வேலை இருக்கிறது. அவளைக் கூடைக்கு அடியில் தனியாக மாட்டிக்கொள்ள விடக் கூடாது. ஆளுக்கு ஆள் தற்காப்பு கைகொடுக்காவிட்டால், இடத்துக்கு இடம் நிற்கும் ஜோன் தற்காப்பில் அவளை முன்வரிசையில் நிறுத்தலாம். மைதானம் முழுக்க நெருக்கும் பிரெஸ் ஆட்டத்தில் அவளைத் தலைமையாக விடலாம். ரீபவுண்டில் மற்ற நான்கு பேரும் கூடுதலாக ஒரு கை கொடுக்க வேண்டும். அந்த ஐந்தடி ஏழு அங்குலப் பெண்ணையும் இவளோடு சேர்த்து இறக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். இவள் பந்தைச் சுமந்தால், அவள் சுவராக நிற்கலாம். இருவரில் ஒருத்தி என்று நினைத்தது இருவருமே என்று ஆகலாம்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் கணக்கு உதைத்தால், அவள் பெஞ்சிலிருந்து வருவதில் அவமானம் ஒன்றும் இல்லை. மச்சிதாவே அப்படித்தான் தொடங்கினார். முதல் நிமிடத்தில் இறங்குபவளைவிட, கடைசி இரண்டு நிமிடம், ஸ்கோர் சமமாக இருக்கும்போது, பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்று அணி நினைக்கிறதோ அவள்தான் முக்கியமானவள். கோவையில் நடக்கும் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை ஆட்டங்களுக்குப் போகிறவர்கள் அடுத்த முறை அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் கவனியுங்கள். பந்து கூட்டத்திலேயே உயரமானவரிடம் இருக்கிறதா, நிதானமானவரிடம் இருக்கிறதா?

சரி, நாளைக்கு மாவட்டப் போட்டி. டீச்சர் இன்னும் பேனாவோடு காத்திருக்கிறார். பதில் இதுதான்: அவள் பெயரை எழுதலாம். பள்ளி அணியில் அவளைவிட நன்றாகப் பந்தைக் கொண்டுபோக வேறு ஆள் இல்லை என்றால், அந்த இடம் அவள் சம்பாதித்தது. யாரும் தரும் சலுகை அல்ல. மூன்று ஆட்டம் எழுதிப் பாருங்கள், நான்கு கணக்கையும் போடுங்கள். அப்புறமும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்றால், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டைத் திறந்து காரணத்தைக் காட்டுங்கள். நோட்டில் இருப்பதைப் பயிற்சி செய்து மாற்றிவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை வரும். இஞ்ச் டேப்பில் இருப்பதை அவளால் ஒன்றும் செய்ய முடியாது.